முற்றத்து வெயிலில் ஒரு சட்டி சுடுதண்ணீர்



இரண்டு மாதங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் வயிற்றோட்டம் பற்றி எழுதியபோது, குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள் என்று ஒரே வரியில் எழுதி முடித்திருந்தேன். அதைப் படித்துவிட்டு, மீள்குடியேறிய கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். அவரது அனுமதியுடன் அதில் சில வரிகளை இங்கே தருகிறேன்.

"அக்கா, தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ எண்டு எல்லாரும் லேசாச் சொல்லிப்போட்டுப் போகினம். எனக்கு ஷெல் பட்ட கை. கோடாலி பிடிக்க ஏலாது. விறகுக்குப் போறதெண்டால் மகள்தான் போகவேணும். அவளுக்குப் பதின்மூண்டு வயசு. காட்டுக் கரைக்குத் தனிய அனுப்பப் பயமாக் கிடக்கு. கொண்டு வாற விறகு சோத்துக்கும் கறிக்கும்தான் காணும். தண்ணிக்கு ஆர் விறகு தாறது? சின்னவனுக்கு இந்த வருசம் ரெண்டு தரம் வயித்தாலை போய் ஆஸ்பத்திரியிலை சேலைன் ஏத்தினது."

இந்தக் கடிதத்தை நான் பல தடவை வாசித்தேன். அவர் சொல்வது முழுக்க முழுக்க நியாயம். கொதித்தாறிய தண்ணீர் என்று நாங்கள் சொல்லும்போது, அதற்கு வேண்டிய விறகை யார் சுமப்பது என்பதை நாங்கள் சொல்வதில்லை. அது எப்போதும் ஒரு பெண்ணின் தலையில்தான் ஏறுகிறது. எங்கள் பகுதிகளில் மிதிவெடி அகற்றும் பணி முழுமையாக முடிவடையாத இடங்கள் இன்னமும் உண்டு. சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்டிருக்கும் காட்டு ஓரத்தில் விறகு பொறுக்குவது என்ன வேலை என்று போனவர்களுக்குத்தான் தெரியும்.

1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நாங்கள். 2022 இல் நாடு முழுவதற்கும் அதே நிலை வந்தது. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றின் விலை ஐயாயிரம் ரூபாவை நெருங்கியது. காசு இருந்தவர்களும் வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்றார்கள். விறகும் இல்லை, காஸும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. ஆனால் முற்றம் நிறைய வெயில் கிடந்தது.

அந்த வெயிலில் ஒரு சட்டி தண்ணீரைப் பாதுகாப்பாகச் சுட வைப்பது எப்படி என்பதுதான் இந்த மாதத்துச் செய்தி.

தண்ணீர் கொதிக்கத்தான் வேண்டுமா?

தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. ஆனால் நோய்க்கிருமிகள் சாவதற்கு அவ்வளவு சூடு தேவையில்லை. வயிற்றுளைவை உண்டாக்கும் அமீபா போன்றவையும் புழுக்களின் முட்டைகளும் 55 பாகை அளவிலேயே அழியத் தொடங்குகின்றன. கொலரா, நெருப்புக்காய்ச்சல், வயிற்றோட்டக் கிருமிகள் 60 பாகையளவில் வேகமாகச் சாகின்றன. செங்கமாரியை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் ஏ வைரசுக்கு 65 பாகை வேண்டும். தண்ணீர் முழுவதும் 65 பாகைக்கு மேல் சூடேறிச் சிறிது நேரம் அந்தச் சூட்டில் நின்றால் அது கிருமி நீங்கிய தண்ணீர்.

இது புதுக் கதை அல்ல. பாலை 63 பாகையில் அரை மணித்தியாலம் வைத்துக் கிருமி நீக்குவது பால் பண்ணைகளின் பழைய முறை. அந்தப் பாலும் கொதிப்பதில்லை.

அப்படியானால் கொதிக்க வைக்கச் சொல்வது ஏன்? கொதிப்பது கண்ணுக்குத் தெரியும் என்பதால்தான். 65 பாகை கண்ணுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு சின்ன வழி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நான் செய்த பிழை

எங்கள் வளவில் பாவிக்காத ரீ.வி. டிஷ் ஒன்று கறள் பிடித்துக் கிடந்தது. 2022 இல் காஸ் இல்லாத நாட்களில் அதை எடுத்துத் துடைத்து, உட்புறம் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டினேன். வெயிலுக்குத் திருப்பினேன். கிண்ணம் போல வளைந்த தட்டு தன்மேல் விழும் வெயில் முழுவதையும் உள்ளங்கை அளவான ஓர் இடத்தில் குவித்துவிடும். அந்த இடத்தில் ஓர் ஈர்க்கைப் பிடித்தேன். சில நொடிகளில் புகை வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அயலில் உள்ளவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

மத்தியானம் சாப்பிடப் போகும்போது அதைக் குசினிச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டுப் போனேன். கவிழ்த்து வைக்கவில்லை. ஒரு துணி போட்டு மூடவும் இல்லை. வெயில் நகர, குவிந்த வெளிச்சமும் நகர்ந்து போய்க் கிடுகு வேலியில் விழுந்திருக்கிறது. புகை மணத்துக்கு ஓடி வந்து பார்த்தால் வேலி பற்றத் தொடங்கியிருந்தது. கிணற்றடியில் நிறைத்து வைத்திருந்த வாளித் தண்ணீர்தான் காப்பாற்றியது. வேலிக்கு அந்தப் பக்கத்தில் அயல் வீட்டுப் பேரப்பிள்ளை, நாலு வயது, மண் சோறு ஆக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அந்த மினுக்கத்தைத் தொட அவள் கையை நீட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

எனக்கும் மணிக்கட்டில் கொப்புளம். டிஷ்ஷை அவசரமாகத் திருப்பும்போது வெளிச்சம் கண்ணில் அடித்து, அன்று பொழுதுபடும் வரை கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளி ஆடியது.

கண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் கிடுகுக் கூரைக்கும் ஆபத்தான ஒன்றை எங்கள் முற்றத்தில் வைத்திருக்க முடியாது. தண்ணீருக்கு அவ்வளவு சூடு தேவையும் இல்லை. அதனால்தான் டிஷ்ஷை விட்டுவிட்டுப் புனலுக்கு வந்தேன். புனல் வெளிச்சத்தை ஒரு புள்ளியில் குவிப்பதில்லை. சட்டியைச் சுற்றிப் பரவலாகச் சேர்த்துக் கொடுக்கிறது. மெதுவாகத்தான் சூடாக்கும். அந்த மெதுவில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

தேவையான பொருட்கள்

1. நாலு அடி நீளம், இரண்டு அடி அகலமான கடதாசி மட்டை. ரீ.வி., குளிர்சாதனப் பெட்டி விற்கும் கடைகளில் பெரிய பெட்டிகளைச் சும்மாவே தருவார்கள். பெரியது கிடைக்காவிட்டால் இரண்டு பெட்டிகளைத் தைத்துச் சேர்க்கலாம்.

2. சமையலுக்குப் பாவிக்கும் அலுமினியத் தாள் ஒரு சுருள். வாங்க முடியாதவர்கள் பால்மாப் பக்கற்றுகளை வெட்டி விரித்து, கழுவித் துடைத்து, வெள்ளி நிறமான உட்புறம் மேலே வரும்படி ஒட்டலாம். வெளிச்சம் சற்றுக் குறையும், ஆனால் வேலை செய்யும்.

3. கோதுமை மாவில் காய்ச்சிய பசை.

4. ஏழு அங்குல அகலமான மெல்லிய அலுமினியச் சட்டி, மூடியுடன். வெளிப்புறம் கரி பிடித்துக் கறுப்பாக இருக்க வேண்டும். இத்தனை காலமும் சாம்பலும் தும்பும் போட்டு நாங்கள் தேய்த்து எடுத்த அதே கரிதான். கறுப்பு வெயிலை உறிஞ்சும், மினுங்கும் சட்டி அதைத் திருப்பி எறிந்துவிடும். மூடியின் மேற்பக்கத்தையும் அடுப்பில் காட்டிக் கறுப்பாக்குங்கள். உட்புறம் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். உள்ளே எந்தப் பெயின்றும் பூசக்கூடாது.

5. சட்டியை மூடிக் கவிழ்க்கக் கூடிய பெரிய கண்ணாடிக் கோப்பை, அல்லது நிறமும் எழுத்தும் இல்லாத தெளிவான, தடித்த பிளாஸ்ரிக் பை. இது வெயிலை உள்ளே விட்டுச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். காற்றடிக்கும் இடங்களில் இது இல்லாமல் தண்ணீர் போதிய அளவு சூடேறாது. கடையில் தரும் மெல்லிய சொப்பிங் பை சட்டியில் பட்டால் உருகி ஒட்டிவிடும். எந்தப் பையானாலும் சட்டியில் முட்டாதபடி கம்பியை வளைத்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

6. நாலு அங்குல உயரமான ஒரு மரக்கட்டை.

7. புனலைத் தாங்கி நிறுத்த ஒரு மட்டைப்பெட்டி அல்லது பழைய கார் டயர். டயரை வெளியில் விட்டு மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். ஆகவே அடியில் துளை போட்டுவிடுங்கள், வேலை முடிந்ததும் உள்ளே எடுத்து வையுங்கள்.

செய்முறை

மட்டையை நிலத்தில் விரியுங்கள். நாலு அடி நீளமான ஒரு விளிம்பின் சரி நடுவில் ஓர் ஆணியை வைத்துப் பிடியுங்கள். ஆணியில் ஒரு கயிற்றைக் கட்டி, 24 அங்குலத்தில் பென்சிலைக் கட்டி ஒரு பெரிய அரைவட்டம் கீறுங்கள். பிறகு கயிற்றை 7 அங்குலமாகக் குறைத்து ஒரு சின்ன அரைவட்டம் கீறுங்கள். இரண்டு கோட்டிலும் வெட்டினால் விசிறி போன்ற ஒரு துண்டு கிடைக்கும்.

சின்ன அரைவட்டத்தின் அளவு சட்டியைப் பொறுத்தது. சட்டியின் முழு அகலம் எவ்வளவோ அவ்வளவு நீளக் கயிற்றால் அதைக் கீற வேண்டும். சுருட்டியதும் அது சட்டி அகலத்துக்குச் சரியான முழுவட்டமாக வந்துவிடும்.

இனி, உள்வளைவிலிருந்து வெளிவளைவு வரை மூன்று அங்குலத்துக்கு ஒரு கோடாக, கரண்டிக் காம்பினால் அழுத்திக் கீறுங்கள். அப்போது மட்டை முறியாமல் வளையும். மேற்பக்கம் முழுவதும் பசை பூசி, அலுமினியத் தாளின் மினுங்கும் பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டுங்கள். பழந்துணியால் மெதுவாக நீவி விடுங்கள். அங்கங்கே சுருக்கம் வந்தால் பரவாயில்லை. ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள்.

காய்ந்ததும் நேர் விளிம்புகள் இரண்டும் சந்திக்கும்படி சுருட்டி, துளையிட்டுக் கம்பியால் தையுங்கள். மினுக்கம் உட்பக்கம் இருக்க வேண்டும். இப்போது கீழ் வாய் 7 அங்குலமும் மேல் வாய் 2 அடியும் கொண்ட ஒரு புனல் உங்கள் கையில் இருக்கும்.

பாவிக்கும் முறை

தண்ணீரை முதலில் நாலாக மடித்த பருத்தித் துணியால் வடியுங்கள். கலங்கல் தண்ணீரானால் தேற்றாங்கொட்டை உரைத்துவிட்டுத் தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். ஒன்றரை லீற்றர் அளவு சட்டியில் விட்டு மூடுங்கள்.

பெட்டிக்குள் அல்லது டயருக்குள் புனலை நிறுத்தி, கீழ் வாயின் நடுவில் மரக்கட்டையை வைத்து, கண்ணாடிக் கோப்பையால் மூடிய சட்டியை அல்லது பையிலிட்ட சட்டியை அதன்மேல் வையுங்கள். நிலத்தில் நேரே வைத்தால் சூட்டை நிலம் குடித்துவிடும்.

புனலின் வாய் சூரியனைப் பார்க்க வேண்டும். சூரியனைப் பார்த்துக்கொண்டு திருப்பாதீர்கள். உங்கள் முதுகு வெயிலுக்கு இருக்கட்டும். புனலின் உட்சுவரைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நிழல் விழுந்தால் அந்தப் பக்கத்தைச் சற்றுத் தாழ்த்துங்கள். எங்கும் நிழல் இல்லையென்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இப்படிப் பார்த்துச் சரிசெய்தால் போதும்.

எங்கள் வடக்கு கிழக்குக்கு இது பொருத்தமான முறை. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் யாழ்ப்பாணத்தில் நடுப்பகல் சூரியன் நேரே உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் பெரிதாகச் சரிவதில்லை. ஆகவே காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை புனலை அநேகமாக மேல் நோக்கியே வைக்கலாம். எனது முற்றத்தில், முகில் இல்லாத நாளில், ஒன்றரை லீற்றர் தண்ணீர் ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலத்தில் போதிய சூடு பிடிக்கிறது. ஒரு புனலில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, அதாவது மூன்று லீற்றர். முழுக் குடும்பத்துக்கும் இது காணாது. சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும் முதலில் ஒதுக்குங்கள். வசதிப்படும்போது இரண்டாவது புனல் செய்யலாம்.

போதிய சூடு வந்துவிட்டது என்று அறிவது எப்படி?

தொட்டுப் பார்த்து அறிய முடியாது. 50 பாகையே கையைச் சுடும். சின்னச் சின்னக் குமிழி வருவதும் அடையாளம் அல்ல. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைப் போடாதீர்கள். அது 42 பாகை வரைக்கும்தான். சூடு தாங்காமல் வெடித்துவிடும்.

100 பாகை வரை காட்டும் வெப்பமானி ஒன்றை மாதர் சங்கம் பொதுவில் வாங்கி வைத்தால் எல்லோரும் மாறி மாறிப் பாவிக்கலாம். தண்ணீர் 70 பாகை காட்டிக் கால் மணித்தியாலம் நின்றால் போதும்.

வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஒரு வழி தேன்மெழுகு. அது 62 முதல் 64 பாகையில் உருகும். தெளிவான சிறிய கண்ணாடிக் குப்பி ஒன்றை, எசென்ஸ் வரும் குப்பி போன்றதை, நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். அடியில் சுண்டுவிரல் நகமளவு தேன்மெழுகை உருக்கி ஊற்றி இறுக விடுங்கள். மூடியை இறுக்கிப் பூட்டி, குப்பியைத் தலைகீழாக ஓர் எவர்சில்வர் கரண்டியோடு கம்பியால் கட்டுங்கள். மெழுகு மேலே இருக்க வேண்டும். அதைச் சட்டியின் அடியில் நிற்கும்படி வையுங்கள். கரண்டியின் பாரத்தால் அது மிதக்காது. சட்டியின் அடித் தண்ணீர்தான் கடைசியாகச் சூடாகும் என்பதால் அங்கே பார்ப்பதுதான் நல்லது.

மெழுகு உருகிக் கீழே வழிந்து மூடிப் பக்கம் சேர்ந்திருந்தால், அந்தச் சூட்டைத் தண்ணீர் கடந்துவிட்டது. அதன் பிறகும் சட்டியை மூடி, நல்ல வெயிலில் இன்னும் அரை மணித்தியாலம் விடுங்கள். அதற்குள் முகில் மூடிவிட்டால் அந்தத் தண்ணீரைக் கணக்கில் எடுக்காதீர்கள். வெயில் வந்ததும் மறுபடி வையுங்கள். அடுத்த தடவைக்குக் குப்பியைச் சுடுதண்ணீரில் நிமிர்த்திப் பிடித்தால் மெழுகு பழைய இடத்துக்குப் போய்விடும்.

சாதாரண மெழுகுதிரி மெழுகைப் பாவிக்கவே வேண்டாம். அது 60 பாகைக்கு முன்பாகவே உருகிவிடும். தண்ணீர் சரியாகிவிட்டது என்று எங்களை ஏமாற்றிவிடும்.

கவனிக்க வேண்டியவை

புனல் டிஷ்ஷைப் போல நெருப்பு மூட்டாது. என்றாலும் உள்ளே இருப்பது சுடுதண்ணீர்.

புனலைச் சுற்றி மூன்று அடி தள்ளி ஒரு கோடு கீறி, அதைத் தாண்டக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் கோடு காணாது. வேலியடைத்த இடத்தில் வையுங்கள்.

புனலுக்குள் குனிந்து நெடுநேரம் பார்க்காதீர்கள். வெளிச்சம் கண்ணைக் கூசும். சட்டியை வைக்கும்போதும் எடுக்கும்போதும் புனலை நிழலுக்குத் திருப்பிவிட்டு வேலையைச் செய்யுங்கள்.

சட்டியின் மூடியை இறுக்கிக் கட்டக்கூடாது. இறுக மூடிய கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் வைக்கவும் கூடாது. ஆவி போக வழி இல்லாவிட்டால் வெடிக்கும்.

பையைத் திறக்கும்போது முகத்தை விலக்குங்கள். முதலில் வருவது ஆவி.

கையில், காலில் காயப்பட்ட சகோதரிகள் சூடான சட்டியைத் தூக்கவே வேண்டாம். வெயில் சாய்ந்ததும் இருந்த இடத்திலேயே ஆறவிடுங்கள். பொழுதுபட எடுக்கலாம், அல்லது சுத்தமான அகப்பையால் மொண்டு எடுக்கலாம்.

ஆறிய தண்ணீரை வேறு பாத்திரத்தில் ஊற்றினால் அந்தப் பாத்திரமும் சுத்தமாக இருக்க வேண்டும். கையை விட்டு மொள்ளக்கூடாது. பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டும் கலக்கக்கூடாது.

வேலை முடிந்ததும் புனலை மடித்து வீட்டுக்குள் வையுங்கள். நனைந்தால் மட்டை போய்விடும். முற்றத்தில் விட்டால் காகம் மினுக்கத்தைக் கொத்திக் கிழிக்கும். எனது முதல் புனல் காகத்துக்குத்தான் போனது.

சூட்டுக்குப் போகாதவை

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சூடு கிருமியை மட்டும்தான் கொல்லும். உப்பு, பசளையிலிருந்து வரும் நைத்திரேற்று, புளோரைட்டு, பூச்சிமருந்து, எண்ணெய் எதுவும் சூட்டால் போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடும். தோட்டக் காணிகளுக்கு நடுவில் உள்ள யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று ஒரு பழைய பிரச்சினை. பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்தது பற்றி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எவ்வளவு கதைக்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். வவுனியாவிலும் மற்ற வறண்ட பிரதேசங்களிலும் சிறுநீரக நோய் உள்ள கிராமங்களுக்கும் இது மருந்து அல்ல. உங்கள் கிணற்றில் அப்படிச் சந்தேகம் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலத்தில் புனலை நம்பியிருக்க முடியாது. அதனால் அடுப்பை இடித்துவிடாதீர்கள். வெயில் காலத்தில் மிச்சம் பிடித்த விறகை மழைக்காலத்துக்கு அடுக்கி வையுங்கள். 65 பாகையை எட்டாத நாளிலும் அந்த இளஞ்சூட்டுத் தண்ணீர் வீண் அல்ல. அதையே அடுப்பில் ஏற்றினால் கொதிக்கப் பாதி விறகு போதும்.

புனல் செய்ய முடியாதவர்களுக்கு இன்னொரு முறை உண்டு. நிறமில்லாத, கீறல் படாத, இரண்டு லீற்றருக்கு மேற்படாத பிளாஸ்ரிக் சோடாப் போத்தலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி, முழு வெயிலில் 6 மணித்தியாலம் படுக்க வைப்பது. அரைகுறை வெயிலென்றால் இரண்டு நாள். இங்கே சூட்டைவிட வெயிலின் கதிர்தான் கிருமியைக் கொல்கிறது. இதை முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் பெய்ரூட் நகரிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அப்டிம் அக்ரா. அவரது ஆய்வை யுனிசெப் 1984 இல் நூலாக வெளியிட்டது. அப்போது லெபனானில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது.

எங்களைப் போன்றவர்கள்

புனலும் அப்படித்தான். இதே வகையைச் சேர்ந்த மட்டைச் சூரிய அடுப்புகளை 1995 முதல் கென்யாவின் காகுமா அகதி முகாமில் பெண்கள் பாவிக்கப் பழகினார்கள். டார்பூர் போரில் ஓடி, சாட் நாட்டின் இரிடிமி முகாமில் தங்கியிருந்த பெண்கள் விறகுக்குப் போகும் வழியில் தாக்கப்பட்டார்கள், பாலியல் வன்முறைக்கும் ஆளானார்கள். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் அந்த முகாமுக்கு மட்டையும் அலுமினியத் தாளும் வந்தன. பெண்களே உட்கார்ந்து வெட்டி ஒட்டிச் சூரிய அடுப்புகள் செய்தார்கள். விறகுக்குப் போகும் நடை குறைந்தது. அவர்களுக்கு அது பாதுகாப்பு.

கடிதம் எழுதிய சகோதரியின் வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். மாதர் சங்கத்தைச் சேர்ந்த ஏழு பேர் வந்திருந்தார்கள். மகள்தான் கயிறு பிடித்து அரைவட்டம் கீறினாள். தாய் ஏலும் கையால் தாளை நீவி நீவி ஒட்டினார். என்னுடையதைவிட அவருடைய புனலில் சுருக்கம் குறைவு. அன்று மூன்று புனல்கள் செய்தோம். மெழுகுக் குப்பியைச் சின்னவன் கையில் எடுத்து வைத்துக்கொண்டு தரவே மாட்டேன் என்றான்.

போன கிழமை தொலைபேசியில் கதைத்தார். "தண்ணி ரெண்டு தரம் வைக்கிறன் அக்கா. சின்னவனுக்கும் அவளின்ரை பள்ளிக்கூடப் போத்தலுக்கும் காணும். பிள்ளை இப்ப பள்ளிக்கூட நாளிலை விறகுக்குப் போறதில்லை. சனி, ஞாயிறு பக்கத்து வீட்டு அக்காவோடை சேந்து போறா" என்றார்.

சனி, ஞாயிறு இன்னும் இருக்கிறது. அதையும் இல்லாமற் செய்ய இரண்டாவது புனலுக்கு மட்டை தேடிக்கொண்டிருக்கிறார்.

நீங்களும் தனியே செய்யாமல் நாலைந்து பேர் சேர்ந்து செய்யுங்கள். ஒரு சுருள் தாள் ஒன்றுக்கு மேற்பட்ட புனல்களுக்குக் காணும். எங்கே பிழைத்தது, எத்தனை மணிக்கு மெழுகு உருகியது என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் அனுபவம் இன்னொரு சகோதரிக்கு உதவும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.